மீன்குஞ்சுக்கு மட்டுமா நீச்சல்?

கடாரங்கொண்டான் என்று ஒரு சோழ மன்னனைப் புகழாத தமிழ் மேடை இந்நாட்டில் இல்லை. அக்கடாரம் நம் பினாங்குத் தீவின் எதிர்க்கரையை அடுத்துக் கிடக்கும் கெடா நாடே என்பர் சரித்திர ஆசிரியர். 1025-ஆம் ஆண்டளவில் இராஜேந்திரன் ஏவிய கப்பற்படை இக்கடலைக் கடந்து வந்ததென்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம். ஆனால், அவ்வாறு மார்தட்டுவோரில் எத்தனை பேர், ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே கிடக்கும் இரண்டு மைல் தண்ணீரில் தவறி விழுந்தால் பிழைத்துக் கரையேறுவர் என்று கேட்பாரில்லை.

கேட்டால், உடனே ஒரு பழமொழி வரும்: மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டுமா? இதன் உட்பொருள் யாதெனில், நீச்சல் கரையோரத்துச் சாதியாரின் குருதியில் ஊறிய குணம், மற்றவர்க்கு அது வாராது என்பதே. வித்தையைப் பிறப்போடு முடிச்சுப் போட்டுவிட்டால், கற்பிக்க வேண்டிய கடமையும் தீர்ந்தது, கற்க வேண்டிய சிரமமும் தீர்ந்தது! கடலை நீந்திக் கடந்தவர்களின் சரித்திரமோ இப்பழமொழியை ஒவ்வொரு பக்கத்திலும் பொய்யாக்குகிறது.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையேயுள்ள ஆங்கிலக் கால்வாயை, மிதவையொன்றும் இன்றி முதன்முதலில் நீந்திக் கடந்தவர் மாத்யூ வெப் என்னும் கப்பல் தலைவர். அவர் பிறந்த ஷ்ரொப்ஷயர் மாகாணம் கடற்கரையே இல்லாதது. இளமையில் அவர் நீந்தியது செவர்ன் ஆற்றில். வேறொருவர் இக்கால்வாயை நீந்த முயன்று தோற்ற செய்தியைப் பத்திரிகையில் படித்த பின்னரே அவருக்கு இவ்வெண்ணம் பிறந்தது. அதன் பொருட்டுக் கப்பல் உத்தியோகத்தை விட்டார். முதலில் லண்டனில் ஒரு குளத்திலும், பின்னர்க் கடலிலும் பழகினார். 1875 ஜூலையில் தேம்ஸ் ஆற்றில் ஏறத்தாழ 20 மைல் நீந்தினார். அதே மாதத்தில் டோவரிலிருந்து ராம்ஸ்கேட் வரை கடலில் நீந்தினார். ஆகஸ்டு 12-ஆம் நாள் இறங்கியபோது காற்றும் அலையும் அவரைத் தோற்கடித்தன. ஆகஸ்டு 24-ஆம் நாள் மீண்டும் இறங்கி, 21 மணி 45 நிமிடத்தில் பிரான்சின் கரையை மிதித்தார். நேர்க்கோட்டில் 21 மைல் உள்ள அவ்வழியில், நீரோட்டம் இப்புறமும் அப்புறமும் இழுத்தமையால் அவர் ஏறத்தாழ 39 மைல் நீந்த நேர்ந்தது.

இவ்விடத்தில் நம் பஞ்சாங்கப் பிரியர்களுக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே வரிசையில் நின்று இழுப்பதால் ஏற்றவற்றம் மிகுந்து, நீரோட்டம் வலுக்கும். அரைநிலா நாட்களை ஒட்டி அது தணியும். ஆதலால் ஆங்கிலக் கால்வாயை நீந்துவோர் பெரும்பாலும் அரைநிலாவை ஒட்டிய நாட்களையே தேர்ந்துகொள்வது வழக்கம். அரைநிலா என்பது யாது? நம்மவர் ஒரு நற்காரியமும் தொடங்க அஞ்சும் அட்டமி, நவமிதான்! வெப் வெற்றி கண்ட நாளும் கணக்குப்படி தேய்பிறை அரைநிலாவை ஒட்டியதே. நிறைந்த அமாவாசை என்று நாள் பார்த்து இறங்கியிருந்தால் அவருக்குக் கடல் இன்னும் கொடியதாக இருந்திருக்கும்.

இனிப் பயிற்சி எத்தகையது என்பதைப் பார்ப்போம். குளத்தில் நூறு முறை போய் வருவோன் கடலில் ஒரு மணி நேரத்தில் சோர்ந்துபோகக் காண்கிறோம். குளத்தில் சுவர் உண்டு, அடியில் கோடு உண்டு, நீர் அசையாது. கடலிலோ திசையை அடிக்கடி தலை தூக்கிப் பார்த்துத் திருத்தவேண்டும். உப்பு நீர் நாவையும் தொண்டையையும் புண்ணாக்கும். அக்குளும் கழுத்தும் உராய்ந்து தோல் உரியும், அதற்கென்றே கொழுப்புப் பூசிக்கொள்வர். உணவைத் துணைப்படகிலிருந்து கழியிலோ கயிற்றிலோ நீட்டுவர். நீந்துவோன் நீரில் மிதந்தபடியே விழுங்கவேண்டும். படகை ஒரு விரலால் தொட்டாலும் முயற்சி செல்லாது. இரவு நீச்சலைத் தனியே பழகவேண்டும். இருளில் கரையும் தெரியாது, தான் முன்னேறுகிறோமா என்பதும் தெரியாது. ஆங்கிலக் கால்வாயில் இறங்க விரும்புவோர், 16 பாகை அல்லது அதற்கும் குறைந்த வெப்பமுள்ள நீரில் ஆறு மணி நேரம் இடைவிடாது நீந்திக் காட்டியாக வேண்டும் என்பது இன்றைய விதி. இவற்றில் எது பிறப்பால் வருவது?

இனி நமக்கு நெருங்கிய கடலுக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள பாக்கு நீரிணை ஆழமற்றது; ஆனால் காற்றுக்கு எளிதில் கொந்தளிப்பது; ஜெல்லி மீன்களும் கடற்பாம்புகளும் உள்ளது. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று தொடங்குமுன், மார்ச்சு ஏப்ரல் மாதங்களில் அது சிறிது அடங்கிக் கிடக்கும். 1954 மார்ச்சில் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். நம்மில் பலருடைய பாட்டன்மார் கப்பலேறிய நாகப்பட்டினத்துக்குத் தெற்கே உள்ளதே அக்கோடிக்கரை.

வல்வெட்டித்துறை சாதாரண ஊரன்று. அங்குக் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்க, அவ்வூர் மாலுமிகளே அதனை ஓட்டிச் சென்று 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். பார்த்தீரா, மீன்குஞ்சுகளின் ஊர்தானே என்று பழமொழிக்காரர் குறுக்கிடுவர். அவ்வூரில் கடலோடிகள் பல்லாயிரவர் பிறந்தனர். நீரிணையை நீந்தியோர் ஓரிருவரே. கடலோரத்தில் பிறந்ததே போதுமானால் இந்தக் கணக்கு எப்படி வந்தது?

பின்னர் நடந்தது சற்று வருந்தத்தக்கது. 1966 ஏப்ரல் 5, 6 தேதிகளில் வங்காளத்து வழக்கறிஞர் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். இந்தியக் கடற்படைக் கப்பல்கள் இரண்டு உடன் சென்றன. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துபோன ஊரின் கரையில் அவர் ஏறினார். பாக்கு நீரிணையை முதலில் நீந்தியவர் அவரே என்று அநேக நூல்கள் இன்றும் அச்சிட்டு வருகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வேறொருவர் கடந்தார் என்பதை எழுதுவோர் சிலர். அவருள்ளும் பெரும்பாலோர் தமிழர். இதில் சென்னைக் குறை கூறுவதற்கில்லை. அவரும் கடலற்ற புருலியாவில் பிறந்து, சட்டம் படிக்க லண்டன் சென்ற இடத்தில் நீச்சலைப் பழகி, பலமுறை தோற்று, 1958-இல் ஆங்கிலக் கால்வாயை வென்ற வீரர். குறை நம்முடையது. நம்மவர் சாதித்ததை நாமே பதிந்து, பிற மொழிகளிலும் பரப்பாவிட்டால், கப்பலும் பத்திரிகையும் உடையவன் பெயரே நிலைக்கும்.

வல்வெட்டித்துறையின் மற்றொரு மகன் வி. எஸ். குமார் ஆனந்தன். இவரும் வழக்கறிஞர். 1971-இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், அங்கிருந்து திரும்பவும், 51 மணி நேரத்தில் நீந்தி உலக சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார். ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றும் ஒரு சாதனை செய்தார். நம் புராணத்து முனிவர் இப்படி நின்று வரம் வாங்கினர் என்பர். இவர் வாங்கியது சாட்சிகளின் கையெழுத்து! 1984 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயில் நீந்துகையில் உயிர் நீத்தார். வெந்நிலத்துக் கடலில் எவ்வளவு பழகியவனுக்கும் குளிர்ந்த கடல் வேறொரு கடல்.

ஈரோட்டில் பிறந்து, சென்னையில் பழகிய குற்றாலீசுவரன் 1994-இல், தம் 12-ஆம் வயதில், பாக்கு நீரிணையைக் கடந்தார்; 1997-இல் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். ஈரோட்டுக்குக் கடல் எங்கே இருக்கிறது? 2019-இல் தேனியைச் சேர்ந்த 10 வயதுச் சிறுவன் ஒருவன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பத்தரை மணி நேரத்தில் வந்தான். அத்துணை இளம் பிள்ளையை அத்தொலைவுக்கு இறக்குவது தகுமா என்பது என் ஐயம். ஆனால் மலையடிவாரத்துப் பிள்ளைக்கும் கடல் வசப்படும் என்பதில் ஐயமில்லை. பெண்களுக்கு நீர் விளையாட்டு ஆகாதென்பாருக்கும் விடை உண்டு. வங்காளத்து ஆரத்தி சாகா 1959 ஆகஸ்டில் தோற்று, செப்டம்பர் 29-இல் மீண்டும் இறங்கி, 16 மணி 20 நிமிடத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஆசியப் பெண்களில் அவரே முதல்வர். பூலா சௌதுரி 2004-இல் பாக்கு நீரிணையைக் கடந்தார்.

அப்படியானால் நம்மில் பெரும்பாலோர் ஏன் நீந்தவில்லை? தண்ணீருக்கும் வேலியிட்டார்கள் என்பதே விடை. மகாட் நகரத்துச் சவுதார்க் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்கவே, 1927 மார்ச்சு 20-ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவரோடு திரண்டு செல்லவேண்டியிருந்தது. குடிக்கவே விடாத குளத்தில் குளித்து நீந்த விடுவரோ? ஊர்க் குளத்தில் இறங்க உரிமையற்ற மக்களின் பிள்ளைகளே பெரும் எண்ணிக்கையில் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தனர். இங்கே வந்தபின் வேலி வேறு நிறம் கொண்டது. 1903-இல் தோன்றிய பினாங்கு நீச்சல் சங்கம் தஞ்சோங் பூங்காவில் வெள்ளையர்க்கென அமைந்தது. சீனர் அதே கரையில் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். தமிழரோ வெல்டு கீயில் தோணியோட்டியும் மூட்டை சுமந்தும் நாள் முழுதும் கடலோடு உறவாடினர். அது கூலிக்கு இறங்கிய உறவு.

இப்போது அந்த வேலிகள் இல்லை. கடலும் எளிதன்று என்பதையும் மறைக்க வேண்டாம். பினாங்கு நீரிணையில் ஓட்டம் ஒரு பொழுது வடக்கே, மறு பொழுது தெற்கே இழுக்கும். கப்பல் போக்குவரத்து மிகுதி. கொடிய நஞ்சுடைய பெட்டி ஜெல்லி மீனும் இத்தீவின் கரைகளில் உண்டு. நீரோ ஆண்டு முழுதும் வெதுவெதுப்பானது. நெடுநேரம் நீந்துவோனின் உடற்சூடு வெளியேற வழியின்றித் தங்கும். ஆதலால் வெயில் ஏறுமுன் இறங்குவதும், தனியே இறங்காமையும், படகுத் துணை கொள்வதும் இங்குப் பழகுவோருக்கு முதற்பாடம். இம்மாநிலத்தவரான அப்துல் மாலிக் மைதீன் 2003-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் மலேசியரானார். 29 பாகை நீரில் வளர்ந்த உடல், அதில் பாதியளவே வெப்பமுள்ள நீருக்குப் பழகியே ஆகவேண்டியிருந்தது.

ஆனந்தனின் 51 மணி நேரக் கணக்கு அரை நூற்றாண்டு நின்றது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர என்னும் சிங்கள இளைஞர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்று திரும்பி, 28 மணி 19 நிமிடத்தில் அதனை முறியடித்தார். செய்தி வெளியிட்ட பத்திரிகைகள் அவர் பெயருக்கு அருகிலேயே வல்வெட்டித்துறை ஆனந்தனின் பெயரையும் அச்சிட்டன.