இன்சுலின் இப்போது எங்கிருந்து வருகிறது?

சலரோகத்துக்கு ஊசி தொடங்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும், “அது மாட்டிலும் பன்றியிலும் எடுக்கிற மருந்தல்லவா?” என்று தயங்கும் முதியவர்களை எம்மவர் வீடுகளில் கண்டிருக்கிறோம். மரக்கறிச் சாப்பாட்டுக்காரர் என்றால் சொல்லவே வேண்டாம். அந்த எண்ணம் ஒரு காலத்தில் சரியானதுதான்.

1921இல் ரொறன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் அது 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஏற்றப்பட்டது. பிறகு ஏறத்தாழ 60 ஆண்டுகள் இறைச்சிக்கூடங்களில் சேர்த்த மாட்டு, பன்றிச் சதையிகளே மூலப்பொருள். 8 அவுன்ஸ் இன்சுலினுக்கு ஏறத்தாழ 2 தொன் பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கு, இது எந்த நாளும் கட்டாத கணக்கு. தவிர, மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றியினது அதில் ஒன்றில் வேறுபடும், மாட்டினது மூன்றில். சிலருக்கு ஒவ்வாமை வந்தது.

1978இல் கலிபோர்னியாவில் ஜெனென்ரெக் நிறுவனத்தாரும் சிற்றி ஒஃப் ஹோப் ஆய்வாளர்களும், மனித இன்சுலினுக்கான பரம்பரையலகை ஆய்வுகூடத்தில் அமைத்து ஈ.கோலை பக்டீரியாவுக்குள் புகுத்தினார்கள். பக்டீரியாவுக்கு அது யாருடைய கட்டளை என்று தெரியாது. எழுதியபடி புரதத்தைச் செய்து கொடுக்கும். இன்சுலினின் இரு சங்கிலிகளையும் வெவ்வேறாகச் செய்வித்து, பின் இணைத்தார்கள். 1982இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. இன்று எமது வைத்தியர்கள் எழுதும் இன்சுலின் பெரும்பாலும் பக்டீரியாவிலோ மதுவத்திலோ (ஈஸ்ற்) செய்யப்படுவது.

வளர்ச்சி ஓமோனின் கதை இன்னும் கடுமையானது. முன்பு அதை இறந்தவர்களின் கபச்சுரப்பியிலிருந்தே எடுத்தார்கள். அதைப் பெற்ற சில இளையோர் மூளையைச் சிதைக்கும் நோயால் இறந்தது 1985இல் வெளிவர, அதே ஆண்டில் பக்டீரியாவில் செய்த ஓமோனுக்கு அனுமதி கிடைத்தது. சிறுநீரகம் பழுதாகி டயலிசிஸ் செய்வோருக்குக் குருதி ஊற உதவும் எரித்ரோபொயற்றினைப் பக்டீரியாவால் சரிவரச் செய்ய முடியாது. அதற்கு வெல்லக் கிளைகள் ஒட்ட வேண்டும். ஆகவே அதை வெள்ளெலியின் கலங்களில் வளர்க்கிறார்கள்.

“குளிசையாகத் தரலாமே?” என்றும் கேட்பார்கள். இவை புரதங்கள். பருப்பைப் போல வயிறு இவற்றையும் சமித்துவிடும்.

இன்சுலின் காப்புரிமையை அதன் உரிமையாளர்கள் ஆளுக்கு 1 டொலருக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். அமெரிக்காவிலோ மெடிகெயர் காப்புறுதியில் உள்ள முதியோருக்கு மாதம் 35 டொலர் என்று உச்சவரம்பு வைக்க 2023 வரை செல்ல வேண்டியிருந்தது.

ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். விமானத்தில் கைப்பையிலேயே கொண்டுசெல்லுங்கள். பொதிப்பகுதியில் அது உறையக்கூடும். உறைந்தால் புரதம் குலைந்துவிடும், உருகிய பின் தெளிவாகத் தெரிந்தாலும் பாவிக்கக் கூடாது.