இந்தியாவில் போலந்து வீரர் குடும்பங்கள் (1942–1948)

இரண்டாம் உலகப் போரில் நாட்டைப் பறிகொடுத்து அயல்மண்ணில் ஆயுதம் ஏந்திய போலந்துப் படைவீரர்களின் மனைவிமார், தாய்மார், பிள்ளைகள், பெற்றோரை இழந்த சிறார் என ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் 1942 முதல் 1948 வரை இந்தியாவில் வாழ்ந்தனர். இவர்களது முகாம்கள் மேற்கு இந்தியாவில் இரண்டு சமஸ்தானங்களில் அமைந்தன: நவாநகர் சமஸ்தானத்தில் பாலாசடி, கோலாப்பூர் சமஸ்தானத்தில் வளிவடே. தமிழகத்தில் போலந்து முகாம் எதுவும் அமையவில்லை. ஆனாலும் இந்த வரலாற்றில் தமிழருக்கு இரண்டு இடங்களில் நேரடித் தொடர்பு உண்டு. ஒன்று இத்தாலியில் மதராஸ் சாப்பர்கள் என்ற படைப் பொறியாளர்களும் சேர்ந்து போட்ட மலைச்சாலை. மற்றொன்று சென்னையில் இருந்தபடி போலிஷ் மொழியில் நூல்கள் வெளியிட்ட போலந்துப் பெண்மணி உமாதேவி. இன்று மூன்று ஈழத்தமிழர் முகாம்களைத் தன்னகத்தே கொண்டுள்ள புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது தூரத்துக் கதையும் அல்ல.

நாடு இழந்த படை

1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி மேற்கிலிருந்து போலந்தைத் தாக்கியது. செப்டம்பர் 17 அன்று சோவியத் படை கிழக்கிலிருந்து நுழைந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கிழக்குப் போலந்தில் வாழ்ந்த லட்சக்கணக்கானோர் சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டு சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். முதல் பெரும் நாடுகடத்தல் 1940 பிப்ரவரி 10 அன்று, கடுங்குளிரில், நள்ளிரவுக் கதவுத் தட்டலோடு தொடங்கியது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளச் சிறிது நேரமே தரப்பட்டது.

1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தின்மீதே பாய்ந்ததும் நிலைமை மாறியது. லண்டனில் இயங்கிய நாடுகடந்த போலந்து அரசின் பிரதமர் சிகோர்ஸ்கியும் சோவியத் தூதர் மாய்ஸ்கியும் 1941 ஜூலை 30 அன்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். போலந்துக் கைதிகளுக்கு ‘பொதுமன்னிப்பு’ அறிவிக்கப்பட்டது. எந்தக் குற்றமும் செய்யாதவர்களுக்கு மன்னிப்பு என்ற சொல்லைப் போலந்து மக்கள் இன்றுவரை ஏற்கவில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம். மாஸ்கோவின் லுபியங்கா சிறையில் கிடந்த தளபதி விளாதிஸ்லாவ் ஆண்டர்ஸ் விடுதலையாகிப் புதிய படையைத் திரட்டினார். சோவியத் முகாம்களிலிருந்து விடுபட்டவர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து அவரைத் தேடி வந்தனர். வீரர்கள் மட்டும் வரவில்லை, குடும்பங்களும் வந்தன. வீரர்களுக்குக் கிடைத்த படியில்தான் பெண்களும் குழந்தைகளும் பங்கிட்டுச் சாப்பிட்டனர்.

1942 மார்ச்–ஏப்ரலிலும் மீண்டும் ஆகஸ்டிலும் காஸ்பியன் கடல் வழியே ஈரானின் பஹ்லவி துறைமுகத்தில் சுமார் 1,15,000 பேர் வந்திறங்கினர். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் படையில் சேராத குடிமக்கள். டைபஸ் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பலரைக் கரையிலேயே கொண்டுபோயின. படை அங்கிருந்து ஈராக், பாலஸ்தீனம், பிறகு இத்தாலி என்று நகர்ந்தது. குடும்பங்களை எங்கே வைப்பது? ஆப்பிரிக்கா, மெக்சிகோ, நியூசிலாந்து என்று பல நாடுகள் சிலரை ஏற்றன. ஆனால் இந்தியாவுக்கு வந்த முதல் குழு அதற்கும் முன்பே, 1942 வசந்தத்தில், தரை வழியாகப் புறப்பட்டுவிட்டது. நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற லாரிகள் திரும்பும்போது அனாதைச் சிறாரை அஷ்காபாத்திலிருந்து மஷ்ஹத், ஜாஹிதான் வழியாகக் குவெட்டாவுக்குக் கொண்டுவந்தன. அங்கிருந்து ரயில். பம்பாயிலிருந்த போலந்துத் துணைத் தூதர் பனாசின்ஸ்கியும் அவர் மனைவி கிராவும் இந்த ஏற்பாட்டை முன்னின்று நடத்தினர்.

அதே மாதங்களில் மறுபக்கம் நடந்ததையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அரக்கான் காடுகள் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தே ஊர் திரும்பினர். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். ராயவரம், கடியாபட்டி, பனையப்பட்டி போன்ற புதுக்கோட்டைப் பகுதி நகரத்தார் ஊர்களுக்குப் பர்மாவில் பெருந்தொழில் இருந்த காலம் அது. 1943இல் வங்கத்தில் பஞ்சம். சொந்த மக்களே வழியெங்கும் விழுந்துகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் இந்த நாடு அயலார் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தது.

பாலாசடி

நவாநகர் மன்னர் ஜாம் சாகிப் திக்விஜய்சிங்ஜி (ஆட்சி 1933–1948) அப்போது மன்னர்கள் மன்றத்தின் வேந்தர். கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜியின் சகோதரர் மகன், வளர்ப்பு மகன். ஜாம்நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், கடலோரத்தில், தம் கோடை மாளிகைக்கு அருகிலேயே முகாமுக்கு இடம் கொடுத்தார். முதலில் ஐந்நூறு சிறாரை ஏற்பது என்பது திட்டம். பிறகு எண்ணிக்கை கூடியது. மற்ற சமஸ்தானங்களிலிருந்தும் அவர் நிதி திரட்டினார். பிள்ளைகளை வரவேற்றபோது, இனி நீங்கள் அனாதைகள் அல்ல, நவாநகர்ப் பிள்ளைகள், நான் உங்கள் பாபு என்று அவர் சொன்னதை அங்கு வளர்ந்தவர்கள் முதுமையிலும் மறக்கவில்லை. குஜராத்தியில் பாபு என்றால் அப்பா.

முகாமைப் பாதிரியார் பிரான்சிஷெக் புளூத்தா நடத்தினார். போலிஷ் மொழியில் பள்ளி, சாரணர் இயக்கம், கால்பந்து, நாடகம் எல்லாம் இருந்தன. வந்த புதிதில் ரொட்டித் துண்டுகளைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்த குழந்தைகள் இவர்கள். நாளையும் சாப்பாடு வரும் என்று நம்பவே நாள் பிடித்தது. ஆனால் பசி தீர்ந்த பிள்ளை அடம்பிடிக்கும், அதுதான் நலம் பெற்றதற்கு அடையாளம். தினமும் ஒரே கீரையை வேகவைத்துக் கொடுத்ததால் சிறார் சாப்பிட மறுத்ததாகவும், அதைக் கேள்விப்பட்ட மன்னர் இனிக் கீரை சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் முன்னாள் பாலாசடியினர் ஆசையோடு சொல்வார்கள். காரம் தாங்காத அவர்களுக்காகக் கோவாவிலிருந்து சமையற்காரர்கள் வரவழைக்கப்பட்டனர். 1946இல் பாலாசடி மூடப்பட்டு எஞ்சியிருந்தோர் வளிவடே சென்றனர். முகாம் இருந்த இடத்தில் இன்று சைனிக் பள்ளி இயங்குகிறது.

வளிவடே

கோலாப்பூருக்குப் பக்கத்தில் ரயில் பாதையை ஒட்டிய வளிவடே முகாம் 1943இல் திறக்கப்பட்டது. இந்தியாவில் அமைந்த போலந்துக் குடியிருப்புகளில் இதுவே பெரியது. சுமார் 5,000 பேர் இருந்தனர். பெரும்பாலோர் ஆண்டர்ஸ் படை வீரர்களின் பெண்டுபிள்ளைகள். நீண்ட வரிசைக் கொட்டகைகள், ஓட்டுக்கூரை, மூங்கில் பாய்த் தடுப்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு அறை, ஓர் அடுக்களை, முன்னால் தாழ்வாரம். அந்தத் தாழ்வாரங்களை ஒட்டிப் பூச்செடி வளர்த்தார்கள். தேவாலயம், மருத்துவமனை, பள்ளிகள், கடைத்தெரு எல்லாம் உள்ளேயே. கடைத்தெருவில் வியாபாரம் செய்த உள்ளூர்க்காரர்கள் போலிஷ் பேசக் கற்றுக்கொண்டார்கள். பேரம் பேசப் பேச மொழி வந்துவிடும் என்பதைச் சந்தை கண்டவர் எவரும் அறிவர்.

முகாமின் உயிர்நாடி தபால். கணவன், அண்ணன், தகப்பன் எந்தப் போர்முனையில் இருக்கிறான் என்று தெரிவிக்க அதுவே வழி. வயது வந்த பையன்கள் படையில் சேரப் புறப்பட்டுப் போனார்கள். செலவை லண்டனில் இருந்த போலந்து அரசு ஏற்றது. 1945 ஜூலையில் பிரிட்டன் அந்த அரசுக்கு அளித்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டபோது வளிவடே மக்களுக்கு நாடு மட்டுமல்ல, அவர்களுக்காகப் பேச அரசும் இல்லாமல் போனது.

இந்த முகாம்களின் சிறப்பு எது என்றால், வந்தவர்களை அவர்களாகவே இருக்க விட்டதுதான். பிள்ளைகள் தாய்மொழியில் படித்தார்கள், தங்கள் பண்டிகைகளைக் கொண்டாடினார்கள், தங்கள் கொடியை ஏற்றினார்கள். சோறு போடுவது கருணை. அடையாளத்தைக் கையில் விட்டுவைப்பது மரியாதை. பாலாசடியும் வளிவடேயும் எண்பது ஆண்டு கழித்தும் போலந்தில் நினைக்கப்படுவதற்குக் காரணம் இந்த இரண்டாவதுதான் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

கசீனோ மலையும் தம்பிகளும்

வளிவடேப் பெண்கள் கடிதத்துக்குக் காத்திருந்த அதே 1944இல், அவர்களுடைய ஆண்கள் இத்தாலியின் மோந்தே கசீனோ மலையடிவாரத்தை அடைந்தனர். ரோமாபுரிக்குப் போகும் வழியை அந்த மலையும் அதன் உச்சியிலிருந்த பழம்பெரும் துறவி மடமும் மறித்து நின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே மோதியவர்களில் இந்திய நான்காம் டிவிஷனும் ஒன்று. அதன் பொறியியல் பிரிவுகளில் மதராஸ் சாப்பர்கள் இருந்தனர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு, தமிழ் மாவட்டங்களிலிருந்து பெருமளவில் ஆள் சேர்த்த இந்தப் பிரிவினரைப் படையில் இன்றும் ‘தம்பிகள்’ என்றே அழைப்பார்கள்.

மடத்தைப் பின்பக்கமிருந்து தாக்க டாங்கிகளை மலைமேல் ஏற்ற வேண்டும். இருந்ததோ ஆட்டுப்பாதை. அதைக் கையிரா என்ற கிராமத்திலிருந்து மேலே டாங்கி போகும் அளவுக்கு டிவிஷனின் சாப்பர்கள் அகலப்படுத்தினர். நியூசிலாந்துப் பொறியாளர்களும் கைகொடுத்தனர். ஜெர்மானியரின் பீரங்கிப் பார்வைக்குள் பாறையை வெட்டிப் போட்ட பாதை அது. அதற்குக் கேவண்டிஷ் சாலை என்று பெயர். மேலே டாங்கிகள் திரண்ட சமதளத்துக்குப் படை வரைபடத்தில் ‘மதராஸ் சர்க்கஸ்’ என்று பெயர். மார்ச் 19 அன்று அந்த வழியே ஏறிய டாங்கித் தாக்குதல், துணைக்குக் காலாட்படை இல்லாததால் தோற்றது. சாலை மட்டும் நிலைத்தது. மே மாதம் போலந்து டாங்கிகள் ஏறியதும் அந்தச் சாலையில்தான். மே 18 அன்று போலந்து வீரர்கள் மடத்தின் இடிபாடுகளில் தங்கள் கொடியை ஏற்றினர். அங்குள்ள போலந்து மயானத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. வெடித்துச் சிதைந்த போலந்து டாங்கி ஒன்று அந்த மலைப்பாதையில் நினைவுச்சின்னமாக இன்றும் நிற்கிறது.

கசீனோவுக்கு அருகில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் 1944 பிப்ரவரி 24 அன்று, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் பாய்ந்து தன் உடலால் மூடி உடனிருந்தவர்களைக் காத்து இறந்தார் மதராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்கு இறந்த பின் வழங்கப்பட்டது. நம் பாடப்புத்தகங்களில் இவருக்குக் குறைந்தது ஒரு பத்தி தர வேண்டும்.

உமாதேவி

வந்தா தினோவ்ஸ்கா (1888–1971) அகதியாக வந்தவர் அல்லர். பிரம்ம ஞான சபையில் ஈடுபட்டு 1935இல் இந்தியா வந்தவர். திருவண்ணாமலையில் ரமணரிடம் பற்றுக்கொண்டார், காந்தியையும் அறிந்தவர். உமாதேவி என்ற பெயரே நிலைத்தது. மற்றொரு போலந்துக்காரரான மாரிஸ் பிரைட்மனுடன் சேர்ந்து 1944இல் சென்னையில் போலந்து–இந்திய நூலகம் என்ற வெளியீட்டைத் தொடங்கினார். பகவத்கீதை இதன்வழி போலிஷ் மொழிக்குச் சென்றது. 1958இல் திருக்குறளும் சென்றது. பின்னாளில் திபெத்திய அகதிக் குழந்தைகளுக்காக உழைத்து மைசூரில் மறைந்தார்.

கலைந்து சென்றபோது

1945 யால்டா மாநாட்டில் கிழக்குப் போலந்து சோவியத் பக்கம் போயிற்று. வளிவடேயினர் பலருக்குத் திரும்பிப்போக வீடு இருந்த ஊர் இப்போது வேறு நாடு. வென்ற அணியில் போரிட்டும் ஊரை இழந்தவர்கள் அவர்கள். சிலர் போலந்து திரும்பினர், பெரும்பாலோர் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடாவுக்கும் கப்பலேறினர். 1948இல் வளிவடே காலியானது. அந்தக் கொட்டகைகளில் பிரிவினையால் ஊர் இழந்த சிந்திகள் குடியேறினர். அந்த ஊர்தான் இன்றைய காந்திநகர். நவாநகர் அந்த ஆண்டே சௌராஷ்டிரத்தில் கலந்தது. ராஜகோபாலத் தொண்டைமானின் புதுக்கோட்டை சமஸ்தானம் மார்ச் 3 அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்தது.

வார்சாவில் ஜாம் சாகிப் நினைவாக ‘நல்ல மகாராஜா’ பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது, அவர் பெயர் தாங்கிய பள்ளி இருக்கிறது, கோலாப்பூருக்கும் நினைவுச்சின்னம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வார்சா சென்ற இந்தியப் பிரதமர் இந்தச் சின்னங்களிலும் மோந்தே கசீனோ நினைவிடத்திலும் மலர்வளையம் வைத்தார்.

புதுக்கோட்டை

ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கொல்லை, திருமயம் பக்கம் லெனாவிளக்கு, அறந்தாங்கிப் பக்கம் அழியாநிலை: ஈழப்போரால் கடல் கடந்து வந்த குடும்பங்கள் வாழும் முகாம்கள் இவை. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. மாநிலம் முழுவதும் 7,469 வீடுகள் கட்டும் திட்டத்தையும் அறிவித்தது. வளிவடே ஐந்தே ஆண்டு. இந்த முகாம்களிலோ இங்கேயே பிறந்தவர்கள் பிள்ளை பெற்றுவிட்டார்கள். ஊராருக்கும் இவர்களுக்கும் மொழி ஒன்று, பள்ளி ஒன்று, கோயில் திருவிழா ஒன்று. ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே சொல்கிறது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.