ஊட்டச்சத்துக் கல்வி

எதை, எவ்வளவு, எப்படிச் சமைத்து உண்பது என்பதை மக்களுக்கும் நோயாளிகளுக்கும் எடுத்துச் சொல்லி, அதை அடுக்களையில் கைக்கொள்ளச் செய்யும் பணி ஊட்டச்சத்துக் கல்வி எனப்படும். ஊர்ப்புறங்களில் தாய்சேய் நலப் பணியோடும், மருத்துவமனைகளில் உணவுமுறை ஆலோசனையோடும் இது சேர்ந்து நடக்கிறது. இங்கே தமிழகமும், அதில் திருவண்ணாமலையை உள்ளடக்கிய பழைய வடஆர்க்காடு வட்டாரமும் முதன்மையாகப் பேசப்படுகின்றன.

தோற்றம்

1918இல் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டது அவருடைய பெயர்பெற்ற சோதனை. கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உண்பதைத் தின்ற எலிகள் செழித்து வளர்ந்தன. சோறே பெரும்பங்கான சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை எல்லாவற்றிலும் கடைசியாக நின்றன. மெக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்ட், 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணையிட்டுச் சிறுநூலாக வெளியிட்டார். அவர்களுடைய குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

அட்டவணையைப் பாடமாக்கியவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் ராஜம்மாள் தேவதாஸ். 1919இல் திருவண்ணாமலை வட்டாரத்துச் செங்கத்தில் பிறந்து, அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர், கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை இத்துறையின் நாற்றங்காலாக வளர்த்தார். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்

உலக வங்கியின் கடனுதவியோடு 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. பின்பு விரிவடைந்த ஆறு மாவட்டங்களில் வடஆர்க்காடும் ஒன்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு 90 நாள் சத்துணவு உருண்டை. போதிய எடை ஏறியதும் உருண்டை நின்றுவிடும். உருண்டை கிடைக்காத குழந்தையின் தாய் முகம் சுளித்திருப்பாள் என்பதை ஊகிக்க அறிக்கை எதுவும் வேண்டியதில்லை.

திட்டத்தின் உயிர்நாடி உருண்டையல்ல, எடை அட்டை. அதே ஊரைச் சேர்ந்த ஊட்டச்சத்துப் பணியாளர் ஒவ்வொரு மாதமும் ஒரு புள்ளி வைத்து, போன மாதத்துப் புள்ளியோடு கோட்டால் சேர்ப்பார். கோடு மேலே போனால் நல்லது. படுத்தாலோ இறங்கினாலோ அங்கேயே பேச்சு தொடங்கும்: பேதியா, பால் மறக்கடித்தாயிற்றா, கஞ்சி எத்தனை வேளை? எழுதப்படிக்கத் தெரியாத தாயும் அந்தக் கோட்டைப் படித்துவிடலாம் என்பதே எண்ணம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, பேதி கண்ட பிள்ளைக்கு ஆகாரத்தை நிறுத்துவது, திட உணவைத் தள்ளிப்போடுவது ஆகிய பழக்கங்களோடுதான் பெரும்போராட்டம்.

எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1இல் வந்தது. அது எடை பார்க்காமல் பிள்ளைகளுக்குச் சோறிட்டது. ஓட்டையும் புகழையும் அதுவே கொண்டுபோனது. ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் நடந்த ஊர்களில் கடும் ஊட்டக்குறைவு குறைந்ததற்கு இலக்குப் பார்த்து ஊட்டியதும், தாய்மாரோடு பேசியதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. 1997இல் அத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் முடிந்தபின், பணிகள் அங்கன்வாடிகளோடு கலந்தன.

மருத்துவச் சிகிச்சையில்

வைட்டமின் ஏ குறைவால் கண் கெடும் குழந்தைகளுக்காக 1970களில் மதுரை அரசு மருத்துவமனையில் கண் மருத்துவர் கோ. வெங்கடசாமியின் முயற்சியால் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் இயங்கியது. தாயும் பிள்ளையோடு தங்குவாள். வீட்டில் கிடைக்கும் கீரையையும் பருப்பையும் அங்கேயே சமைத்து ஊட்டப் பழகுவாள். மருந்துச் சீட்டோடு அனுப்பிய பிள்ளை அதே குறையோடு திரும்பி வரும் என்பதே இந்த ஏற்பாட்டுக்குப் பின்னிருந்த நியாயம்.

பெரியவர்கள் தொடர்பான திடமான சான்று சர்க்கரை நோயிலிருந்து கிடைக்கிறது. சென்னையில் அ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. மூன்றாண்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவு, உடற்பயிற்சி ஆலோசனையைத் தொடர்ந்து பெற்றவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினின் பலனும் ஏறத்தாழ இதே அளவுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் கிட்டவில்லை.

இன்றைய நிலை

திருவண்ணாமலை 1989இல் தனி மாவட்டமானது. அங்கன்வாடிகள், 2018இல் தொடங்கிய போஷன் அபியான் என்னும் தேசிய ஊட்டச்சத்து இயக்கம், 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் என்னும் மாநிலத் திட்டம் ஆகியவற்றின் வழியே இப்பணி இம்மாவட்டத்திலும் நடக்கிறது. செப்டம்பர் ஊட்டச்சத்து மாதமாகக் கொண்டாடப்படுகிறது. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது.