மாஸ்கோவின் இறைச்சியும் மட்டாஞ்சேரியின் மிளகும்

சோவியத் வேளாண்மையின் சிதைவைப் பற்றி நூலகங்கள் நிறைய எழுதப்பட்டுள்ளன. கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்டதும், நிலம் பங்குகளாக மாறியதும், கால்நடைகள் குறைந்ததும் அந்நாட்டு எல்லைக்குள் நிகழ்ந்தவையாகவே அந்நூல்களில் பேசப்படுகின்றன. அவ்வரலாற்றின் ஓர் இயல் கொச்சியின் மட்டாஞ்சேரியில் நிகழ்ந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் இடுக்கியிலும் வயநாட்டிலும் கொடி வளர்த்தவர்கள். இப்பதிவு அதைப் பற்றியது. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

மொழியியல் பயின்ற பழக்கத்தால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ரஷ்யர்கள் தேநீருடன் உண்ணும் மணப்பொருள் சேர்ந்த இனிப்பு அப்பத்துக்குப் 'பிர்யானிக்' என்று பெயர். அதன் வேர்ச்சொல் மிளகைக் குறித்த பழைய ஸ்லாவியச் சொல். அச்சொல் இலத்தீன், கிரேக்கம் வழியாகப் பின்னோக்கிச் சென்று வடமொழியின் 'பிப்பலி'யை, அதாவது நம் திப்பிலியை அடைகிறது. மணமூட்டுதல் என்றாலே மிளகிடுதல் என்று ஒரு மொழி எண்ணியிருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் த்வேர் நகர வணிகர் அஃபனாசி நிகிதின் தம் பயணக் குறிப்பில் கோழிக்கோட்டின் மிளகைப் பதிவு செய்தார். சுவை பழையது. அச்சுவையை ஓர் அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்யத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்.

1918 ஏப்ரலில் சோவியத் அரசு அயல்வணிகம் முழுவதையும் தன் உடைமையாக்கியது. 1953 டிசம்பரில் இந்தியாவுடன் வணிக உடன்படிக்கை கையெழுத்தானது. ஐம்பதுகளின் இறுதியிலிருந்து இரு நாட்டுக் கணக்கும் ரூபாயிலேயே தீர்க்கப்பட்டது. இயந்திரங்களும் எண்ணெயும் படைக்கலங்களும் இங்கே வந்தன. தேயிலை, முந்திரி, மிளகு, தோல்பொருள்கள் அங்கே சென்றன. டாலர் தட்டுப்பாடு மிகுந்த காலத்தில் இரு அரசுகளுக்கும் இது வசதியான ஏற்பாடு. எண்பதுகளில் இந்திய மிளகின் மிகப் பெரிய வாங்குநர்களுள் சோவியத் ஒன்றியம் முன்னணியில் நின்றது.

இவ்வணிகத்தின் நடுவிடம் மட்டாஞ்சேரி. அங்குள்ள யூதத் தெருவில், 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதக் கோவிலுக்கு அண்மையில், இந்திய மிளகு மற்றும் மணப்பொருள் வணிகச் சங்கம் 1957 முதல் முன்பேரச் சந்தையை நடத்தியது. மூன்று மாதம் கழித்துக் கைமாற வேண்டிய மிளகுக்கு இன்றே விலை பேசுவது முன்பேரம். சரக்கைக் கையில் வைத்திருப்பவர் விலை வீழுமோ என்னும் அச்சத்தை, அதை ஏற்க முன்வரும் இன்னொருவரிடம் கைமாற்றிவிடலாம். கூவி விலை பேசும் அக்கூடத்தில் குஜராத்தியரும் கொங்கணியரும் மலையாளிகளும் கலந்து நின்றனர். மாஸ்கோ எப்போது வாங்கும், எவ்வளவு வாங்கும் என்பது அவர்கள் கணக்கிட்ட கேள்விகளுள் ஒன்று.

கூடத்தில் நின்றவர்களுக்கு இடரைக் கைமாற்ற ஒரு கருவி இருந்தது. மலையில் இருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. கேரளத்தின் மிளகு பெருந்தோட்டப் பயிராக வளரவில்லை. வீட்டுத் தோப்பில் முருக்கிலும் பலாவிலும் கமுகிலும் படர்ந்தது. ஒரு குடும்பத்தின் விளைச்சல் பெரும்பாலும் சில நூறு கிலோவைத் தாண்டாது. ஒப்பந்தங்களோ டன் கணக்கில் எழுதப்பட்டன. மேலும், நட்ட கொடி காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். இன்றைய விலையைப் பார்த்து நடுபவர் நான்கு ஆண்டுகளுக்குப் பிந்தைய விலைக்கு விற்கிறார். வேளாண் பொருளியலில் இக்கால இடைவெளிதான் விலைச்சுழற்சியின் விதை. பன்னியூர் ஆய்வு நிலையத்தின் முதல் கலப்பினக் கொடி பரவியதும், எண்பதுகளின் இடையில் விலை ஏறியதும் நடவை ஊக்குவித்தன. நிலையான பெரிய வாங்குநர் இருக்கிறார் என்னும் நம்பிக்கையும் அதற்குத் துணைநின்றது.

1991 டிசம்பரில் அந்த வாங்குநரே இல்லாமற் போனார். அதே மாத இறுதியில் கூட்டுப்பண்ணைகளை மறுசீரமைக்க ரஷ்யா ஆணையிட்டது; 1992 ஜனவரி 2இல் பெரும்பாலான விலைகள் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. தீவனத்தின் விலையை ஈடுகட்ட முடியாத பண்ணைகள் மாடுகளை வெட்டின. 1990இல் ஏறத்தாழ 5.7 கோடியாக இருந்த ரஷ்ய மாடுகளின் எண்ணிக்கை பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஏறத்தாழ 1 கோடி டன்னாக இருந்த இறைச்சி உற்பத்தி 2000இல் 44 இலட்சம் டன்னளவில் நின்றது. தொழில்முறை இறைச்சிப் பதப்படுத்தல் மிளகை மிகுதியாகப் பயன்படுத்தும் துறைகளுள் ஒன்று. சைபீரியாவில் ஒரு தொழுவம் காலியாவதற்கும் வயநாட்டில் ஒரு மூட்டை விலைபோகாமல் கிடப்பதற்கும் இடையே இப்படியொரு நூல் ஓடியது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மிளகு விலை வீழ்ந்ததற்குச் சோவியத் சிதைவு ஒன்றே காரணம் என்று எழுதினால் அது பிழை. எண்பதுகளின் விலையேற்றத்தைக் கண்டு பிரேசிலும் இந்தோனேசியாவும் நட்ட கொடிகளும் அப்போதுதான் காய்த்தன. வரத்து பெருகிய அதே வேளையில், போட்டி விலையைப் பொருட்படுத்தாத ஒரே பெரிய வாங்குநரும் மறைந்தார் என்பதே சரியான கூற்று. இரண்டும் ஒருங்கே வந்ததால்தான் அடி பலமாக விழுந்தது.

இதன் பின்னுரை இன்னும் வியப்பானது. இந்தியா சோவியத்துக்குத் தரவேண்டியிருந்த கடனில் பெரும்பகுதி படைக்கலங்களுக்கானது. 1993 ஜனவரியில் யெல்ட்சின் தில்லிக்கு வந்தபோது அக்கடன் மறுவரையறை செய்யப்பட்டது: ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் எஞ்சியதை நாற்பத்தைந்து ஆண்டுகளில் வட்டியின்றியும் இந்தியா ரூபாயில் அடைக்கும்; ரஷ்யா அந்த ரூபாயைக் கொண்டு இந்தியப் பொருள்களை வாங்கும். ரஷ்ய வங்கி அந்த ரூபாயை ஏலம் விட்டது. தனியார் இறக்குமதியாளர்கள் எடுத்தனர். தேயிலையும் காப்பியும் புகையிலையும் மிளகும் கப்பலேறின. போர் விமானத்துக்குப் பட்ட கடன் மிளகு மூட்டையாகத் தீர்ந்தது. மறைந்த அரசு வாங்குநரின் நிழல் இவ்வாறு இன்னும் சில ஆண்டுகள் நீடித்தது. அந்நிழலையே சந்தை என்று பலர் நம்பினர்.

இக்காலத்தில்தான் உலக மிளகு வணிகத்தின் மையம் இடம்பெயர்ந்தது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வியட்நாம் ஏற்றுமதியில் முதலிடத்துக்கு வந்தது. இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக உடன்பாடு 2000இல் நடைமுறைக்கு வந்தபின் அவ்வழி வந்த மிளகும் இங்கே பூசலானது. 1999இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய விலை, அடுத்த சில ஆண்டுகளில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. வாடல் நோயும் வறட்சியும் சேர்ந்த வயநாட்டில் கடன்பட்ட விவசாயிகளின் தற்கொலைகள் தொடர்ந்தன. மட்டாஞ்சேரிச் சங்கம் 1997இல் பன்னாட்டு முன்பேரச் சந்தையைத் தொடங்கியிருந்தது. ஆயினும் சில ஆண்டுகளில் தேசிய மின்னணுச் சந்தைகள் வணிகத்தை ஈர்த்துக்கொண்டன. கூவல் அடங்கிய கூடத்தைச் சுற்றி இன்று பழம்பொருள் கடைகள் நிறைந்துள்ளன.

இறுதியில் ரஷ்ய வேளாண்மை மீண்டது. பெரு நிறுவனப் பண்ணைகள் கோழியையும் பன்றியையும் பெருக்கின. தானியம் இறக்குமதி செய்த நாடு கோதுமை ஏற்றுமதியில் முன்னணிக்கு வந்தது. அந்த மீட்சியில் மட்டாஞ்சேரிக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. இந்திய மிளகின் பெரும்பகுதி இப்போது இந்தியச் சமையலறைகளிலேயே தீர்கிறது.

இந்தப் பழங்கதையை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2022 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி, அயல்வணிகக் கணக்கை ரூபாயில் தீர்க்க மீண்டும் வழி திறந்தது. ரஷ்ய எண்ணெய் பெருமளவில் வந்தபோது, செலவிட வழியற்ற ரூபாய் ரஷ்யாவின் கையில் தேங்குகிறது என்ற பேச்சும் எழுந்தது. அந்த ரூபாய்க்கு வேளாண் பொருள்களை விற்கலாம் என்னும் யோசனை மீண்டும் ஒலிக்கிறது. யோசனை தவறென்று நான் சொல்லவில்லை. ரூபாய் வணிகம் பல்லாயிரம் குடும்பங்களுக்கு முப்பதாண்டுகள் சோறிட்டது. ஆனால் உறுதியான ஒரே வாங்குநர் என்பவர், அனைத்து இடரும் ஓரிடத்தில் சேர்ந்த நிலைக்கு நாம் இடும் இன்னொரு பெயர். அரசுகள் கணக்கை மறுவரையறை செய்துகொள்ளும். வணிகர் முன்பேரத்தில் காத்துக்கொள்வார். கொடி நட்டவருக்கு இருந்தது நான்காண்டுக் காத்திருப்பு மட்டுமே. அடுத்த உடன்படிக்கையில் அவருக்கென ஒரு விதியேனும் இடம்பெறுமா என்பதே ஆய்வாளர்கள் இப்போதே கேட்க வேண்டிய கேள்வி.