ஹென்ரிக் லார்சன்

ஹென்ரிக் எட்வர்ட் லார்சன் (பிறப்பு: 20 செப்டெம்பர் 1971) சுவீடன் தேசிய உதைபந்தாட்ட அணியின் முன்னாள் முன்கள வீரர். 1993 முதல் 2009 வரை நாட்டுக்காக 106 போட்டிகளில் ஆடி 37 கோல்கள் போட்டார். ஸ்கொட்லாந்தின் செல்டிக் கழகத்துக்கு ஏழு ஆண்டுகளில் 242 கோல்கள் போட்டவர். பார்சிலோனாவுடன் 2006இல் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தையும் வென்றார்.

தேசிய அணிக்கான கோல் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் சுவீடனின் முதல் வரிசையில் அவர் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற குன்னார் நோர்டால் 33 போட்டிகளிலேயே 43 கோல்கள் போட்டவர். பிற்பாடு வந்த ஸ்லாட்டன் இப்ராகிமோவிச்சின் கணக்கு 62. ஆனாலும், கடந்த 50 ஆண்டுகளின் மிகச் சிறந்த சுவீடன் வீரர் யார் என்று 2003இல் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் பொன்விழாவையொட்டிக் கேட்டபோது, அந்நாட்டுச் சங்கம் லார்சனின் பெயரையே கொடுத்தது. பார்சிலோனாவுக்கு அவர் அப்போது போயிருக்கவும் இல்லை.

ஹெல்சிங்போர்க்

சுவீடனின் தென்மேற்கு மூலையில், ஒடுங்கிய நீரிணைக்கு அப்பால் டென்மார்க்கின் கரை கண்ணுக்குத் தெரியும் துறைமுக நகர் ஹெல்சிங்போர்க், லார்சனின் சொந்த ஊர். லார்சனின் தந்தை பிரான்சிஸ்கோ ரோச்சா, மேற்கு ஆபிரிக்காவுக்கு அப்பாலுள்ள கேப் வேர்ட் தீவுகளிலிருந்து வந்த கடலோடி. தாய் ஈவா லார்சன் சுவீடன்காரர். பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரையே வைத்தார்கள். கறுத்த தோலுடன் வளரப்போகும் பையன் அந்தச் சமூகத்தில் கொஞ்சமாவது இலகுவாக ஒட்டிக்கொள்ளட்டும் என்ற எண்ணம்தான் காரணம். புலம்பெயர்ந்து போன நம்மவர் பலருக்கும் இந்தக் கணக்கு விளங்கும். சுவீடனில் பிறந்து, பின்னர் இலங்கை தேசிய அணிக்கு ஆட வந்த ஆதவன் ராஜமோகனைப் போன்றவர்களின் பெற்றோர் எடுத்த முடிவு வேறு. அவர்கள் பெயரை மாற்றவில்லை.

லார்சனின் தொடக்கம் மெதுவானது. உள்ளூர்க் கழகமான ஹோகபோர்க்கில் இருபது வயது வரை ஆடினார். உதைபந்தாட்டம் அப்போது சோறு போடவில்லை. பழங்களைப் பொதி செய்யும் வேலையும் பார்த்தார். 1992இல் நகரத்தின் பெரிய கழகமான ஹெல்சிங்போர்க் அவரை எடுத்தது. அக்கழகம் முதல்தரப் பிரிவிலிருந்து இறங்கி 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. மூத்த முன்கள வீரர் மற்ஸ் மக்னுசனோடு சேர்ந்து அந்த ஒரே பருவத்தில் லார்சன் 34 கோல்கள் போட, கழகம் மேலே ஏறியது.

ரொட்டர்டாம்

1993இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரிலுள்ள பெயனூர்ட் கழகத்துக்குப் போனார். அங்கே கழித்த நான்கு ஆண்டுகளை அவருடைய ரசிகர்களே அதிகம் பேசுவதில்லை. இரண்டு முறை நெதர்லாந்துக் கிண்ணம் கிடைத்தது. ஆனால் பயிற்றுநர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். இடத்தை மாற்றி மாற்றி ஆடவைத்தார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே வெளியே எடுத்தார்கள். 1997இல் ஒப்பந்தத்திலிருந்த ஒரு விடுவிப்பு வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, சட்டத் தகராறு வரை போய்த்தான் வெளியேறினார். செல்டிக் கொடுத்த விலை 650,000 ஸ்டேர்லிங் பவுண். அக்கழகத்தின் புதிய பயிற்றுநர் விம் ஜான்சன், பெயனூர்ட்டிலேயே அவரை அறிந்திருந்தவர்.

செல்டிக்

செல்டிக், கிளாஸ்கோ நகரின் கிழக்குப் பகுதியில் குடியேறிய ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளுக்கு உதவ 1887இல் தொடங்கப்பட்ட கழகம். அதே நகரின் ரேஞ்சர்ஸுடனான பகை விளையாட்டை விடப் பெரியது. லார்சன் வந்திறங்கிய நேரத்தில் ரேஞ்சர்ஸ் தொடர்ந்து ஒன்பது முறை லீக் வென்றிருந்தது. செல்டிக்கும் 1966 முதல் 1974 வரை ஒன்பது முறை வென்ற கழகம். பத்தாவதையும் ரேஞ்சர்ஸ் வென்றால் அந்தச் சாதனை கைவிட்டுப் போய்விடும். பச்சை வெள்ளைச் சட்டை போட்டவர்களுக்கு அந்த ஆண்டு வேறெந்தக் கவலையும் இருக்கவில்லை.

முதற் போட்டியே சறுக்கியது. எடின்பரோவில் ஹிபேர்னியனுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கிய லார்சன், பந்தை நேரே எதிரணியின் சிக் சார்ன்லியின் காலுக்குக் கொடுத்தார். சார்ன்லி அதை வலைக்குள் அடித்தார்; செல்டிக் 2-1 எனத் தோற்றது. நீண்ட சடைமுடியோடு வந்த இந்தப் புதியவரைப் பார்த்து அன்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒன்பது மாதம் கழித்து, 1998 மே 9ஆம் திகதி, பருவத்தின் கடைசிப் போட்டி. சென்ற் ஜோன்ஸ்டன் அணியை வென்றால் லீக் செல்டிக்குடையது. இரண்டாவது நிமிடத்திலேயே இடதுபுறமிருந்து உள்ளே வெட்டி வந்த லார்சன், பெட்டிக்கு வெளியிலிருந்து பந்தைத் தூர மூலைக்கு வளைத்து அடித்தார். நோர்வேக்காரரான ஹரால்ட் பிராட்பக் இரண்டாவதைப் போட்டார். ரேஞ்சர்ஸின் பத்தாவது கனவு அத்துடன் முடிந்தது.

அடுத்த ஆண்டு, 1999 ஒக்டோபர் 21ஆம் திகதி, பிரான்ஸின் லியோன் நகரில் யூஃபா கிண்ணப் போட்டியொன்றில் பந்துக்காக மோதியபோது அவருடைய இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. காலுறைக்குள் கால் மடிந்து கிடந்தது. அவருடைய ஆட்டம் அத்தோடு சரி என்றே பலர் நினைத்தார்கள். ஏழு மாதங்களில் களத்துக்குத் திரும்பினார். 2000 ஜூனில், ஐரோப்பியக் கிண்ணச் சுற்றுப்போட்டியில், இத்தாலிக்கு எதிராகக் கோலும் போட்டார்.

திரும்பி வந்த லார்சன் முன்பிருந்தவரை விடக் கூர்மையானவர். 2000-01 பருவத்தில், புதிய பயிற்றுநர் மார்ட்டின் ஓநீலின் கீழ், எல்லாச் சுற்றுப்போட்டிகளிலும் சேர்த்து 53 கோல்கள். லீக்கில் மட்டும் 35. அந்த ஆண்டு ஸ்கொட்லாந்தின் மூன்று கிண்ணங்களும் செல்டிக்குக்கே. ஐரோப்பாவின் தங்கச் சப்பாத்து விருதும் லார்சனுக்குக் கிடைத்தது. அந்த விருதுக்கு ஒவ்வொரு நாட்டு லீக்கின் தரத்துக்கும் ஒரு பெருக்கம் உண்டு. பெரிய லீக்குகளுக்கு 2, ஸ்கொட்லாந்துக்கு 1.5. லார்சனின் 35 கோல்கள் 52.5 புள்ளியாயின, இத்தாலியில் 26 கோல்கள் போட்ட ஆர்ஜென்டீனாக்காரர் ஹெர்னன் கிரெஸ்போவுக்கு 52. அரைப் புள்ளியில் தப்பிய விருது அது.

அந்த 1.5 என்ற எண்தான் லார்சனைச் சுற்றிய நீண்ட வழக்கின் சுருக்கம். ஸ்கொட்லாந்து லீக்கில் எவரும் கோல் போடலாம், இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ வந்து காட்டட்டும் என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கொழும்பில் பிரீமியர் லீக் தவிர வேறெதையும் பார்க்காத ரசிகர்களிடமும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். இதற்கு மறுமொழியை அந்த லீக்குக்கு வெளியேதான் தேட வேண்டும். 2003 மே 21ஆம் திகதி ஸ்பெயினின் செவில் நகரில் யூஃபா கிண்ண இறுதிப்போட்டி. எதிரே ஹொசே மொரீனியோவின் போர்ட்டோ. அடுத்த ஆண்டே சம்பியன்ஸ் லீக்கை வெல்லப்போகும் அணி. போர்ட்டோ இரண்டு முறை முன்னே போக, இரண்டு முறையும் லார்சன் தலையால் முட்டிச் சமன் செய்தார். இரண்டாவது கோல் ஒரு மூலை உதையிலிருந்து வந்தது. அவர் உயரமானவர் அல்லர்; ஏறத்தாழ 1.78 மீற்றர்தான். நேரத்தைக் கணித்துக் குதிப்பதில்தான் அவருடைய வித்தை இருந்தது. மேலதிக நேரத்தில் டெர்லேய் போட்ட கோலால் செல்டிக் 3-2 எனத் தோற்றது. தோற்ற அணியின் வீரராக இருந்தும் அன்று மைதானத்தில் அவரை விடப் பெரிய ஆட்டக்காரர் இருக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2004 மேயில், ஸ்கொட்லாந்துக் கிண்ண இறுதிப்போட்டியில் டன்ஃபேம்லினுக்கு எதிராக இரண்டு கோல்கள் போட்டு விடைபெற்றார். செல்டிக்கின் கோல் பட்டியலில் ஜிம்மி மெக்ரோரி, பொபி லெனக்ஸ் ஆகியோருக்கு அடுத்த மூன்றாம் இடம் அவருடையது.

பார்சிலோனாவும் மன்செஸ்டரும்

32 வயதில் பார்சிலோனாவுக்குப் போனார். விதி வேடிக்கையானது: அந்த ஆண்டு சம்பியன்ஸ் லீக்கில் பார்சிலோனாவின் முதல் எதிரணி செல்டிக். கிளாஸ்கோவில் நடந்த போட்டியில் மாற்று வீரராக இறங்கிக் கோல் போட்டார், கொண்டாடவில்லை. நவம்பரில் ரியல் மட்ரிட்டுக்கு எதிரான போட்டியில் முழங்கால் தசைநார் அறுந்து அந்தப் பருவம் கிட்டத்தட்ட முடிந்துபோனது.

2006 மே 17ஆம் திகதி பாரிஸில் சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி. கொழும்பில் அப்போது நள்ளிரவு தாண்டி 18ஆம் திகதி பிறந்துவிட்டது. எதிரணி ஆர்சனல். அதன் கோல்காப்பாளர் ஜென்ஸ் லேமன் 18ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேரோடு ஆடியும் சோல் காம்ப்பெலின் தலை முட்டலால் ஆர்சனலே முன்னிலை. ரொனால்டீனியோ முயன்றும் கதவு திறக்கவில்லை. 61ஆவது நிமிடத்தில் மார்க் வான் பொம்மெலுக்குப் பதிலாக லார்சன் வந்தார். 76ஆவது நிமிடத்தில் இனியெஸ்தா முன்னே தள்ளிய பந்தை அவர் நிறுத்தவே இல்லை. ஒரே தொடுகையில் இடதுபுறம் ஓடிவந்த சாமுவேல் எற்றோவின் பாதைக்குத் திருப்பிவிட்டார்: சமன். ஐந்து நிமிடத்துக்குள், வலதுபுறம் பெட்டிக்குள் ஓடிவந்த ஜூலியானோ பெலெற்றிக்கு இன்னொரு பந்து. அது கோல்காப்பாளரின் கால்களுக்கிடையே புகுந்து வலைக்குள் போனது. 2-1.

தோற்ற ஆர்சனலின் தலைவர் தியெரி ஒன்றி போட்டி முடிந்ததும் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். ரொனால்டீனியோவையும் எற்றோவையும் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், ஆட்டத்தை மாற்றியவர் லார்சன், அவரைப் பற்றிப் பேசுங்கள் என்பதே அதன் சாரம். இரண்டு கோலுக்கும் வழி வகுத்தவர் ஒரு கோலும் போடவில்லை. கோல் போடுபவர் என்றே பெயரெடுத்த ஒருவருடைய வாழ்வின் மிகச் சிறந்த அரை மணி நேரம் அது என்பது முரணாகத் தோன்றலாம். செல்டிக்கில் அவரைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு முரணாகத் தெரிந்திராது. பின்கள வீரருக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தை ஒரு தொடுகையில் மற்றவருக்கு விட்டுவிடுவது அங்கேயும் அவர் நாளாந்தம் செய்த வேலை.

அதன் பின் சொன்னபடியே ஊருக்கு, ஹெல்சிங்போர்க்குக்குத் திரும்பினார். சுவீடனின் பருவம் கோடையில் நடப்பது, குளிர்காலம் ஓய்வு. அந்த இடைவெளியில் 2007 ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை கடன் அடிப்படையில் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு ஆடினார். 13 போட்டிகள், 3 கோல்கள். நம் ஊரில் பலர் லார்சனை அறிந்தது இந்தப் பத்து வாரத்தால்தான். அலெக்ஸ் ஃபேர்குசன் இன்னும் இருக்கச் சொல்லிக் கேட்டார். குடும்பத்துக்கும் ஹெல்சிங்போர்க்குக்கும் கொடுத்த வாக்கைச் சொல்லி லார்சன் மறுத்துவிட்டார். லீக் பதக்கத்துக்கு அன்று குறைந்தது 10 போட்டிகள் வேண்டும். லீக்கில் அவர் ஆடியது 7. சிறப்பு அனுமதி பெற்று அவருக்கும் ஒரு பதக்கம் கொடுத்தார்கள்.

தேசிய அணி

1993இல் பின்லாந்துக்கு எதிராக முதலாவது போட்டி. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் சுவீடன் மூன்றாமிடம் பெற்றது. கால் இறுதியில் ருமேனியாவுடன் பெனால்டி உதைகளில் முடிவு தொங்கிக்கொண்டிருந்தபோது, 22 வயது லார்சன் தன் உதையைப் போட்டார். அடுத்து வந்த ருமேனிய வீரரின் உதையைத் தோமஸ் ராவெல்லி தடுத்தார். மூன்றாமிடத்துக்கான போட்டியில் பல்கேரியாவை 4-0 என வென்றபோது அதில் ஒரு கோல் லார்சனுடையது.

2002இல் ஆர்ஜென்டீனா, இங்கிலாந்து, நைஜீரியா இருந்த பிரிவில் சுவீடன் முதலிடம் பெற்றது. நைஜீரியாவுக்கு எதிரான இரண்டு கோல்களும் அவருடையவை. அடுத்த சுற்றில் செனகலிடம் தங்கக் கோலில் தோற்றதும் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

2004 ஐரோப்பியக் கிண்ணம் நெருங்கியபோது சுவீடனில் நடந்தது அபூர்வமானது. அவர் திரும்பி வரவேண்டும் என்று 110,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். அப்போது ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனத் தலைவராயிருந்த சுவீடன்காரர் லெனார்ட் ஜோஹான்சனும் கேட்டுக்கொண்டார். லார்சன் வந்தார். லிஸ்பனில் பல்கேரியாவுக்கு எதிரான முதற் போட்டியில், இடதுபுறமிருந்து எரிக் எட்மன் தாழ்வாக வளைத்து விட்ட பந்துக்கு முழு உடம்பையும் தரைக்குச் சமாந்தரமாக எறிந்து தலையால் முட்டினார். அடுத்த நிமிடமே இன்னொன்று. சுவீடன் 5-0. அந்தச் சுற்றுப்போட்டியின் மிக அழகான கோல்களில் ஒன்றாக அந்த முதலாவது கோல் எண்ணப்படுகிறது. கால் இறுதியில் நெதர்லாந்திடம் பெனால்டியில் தோற்றுத் திரும்பினார்கள்.

2006 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 90ஆவது நிமிடத்தில் சமன் செய்த கோலும் (2-2), அடுத்த போட்டியில் ஜேர்மனிக்கு எதிராக வலைக்கு மேலால் அடித்த பெனால்டியும் ஒரே வாரத்தில் நடந்தவை. 1994, 2002, 2006 ஆகிய மூன்று உலகக் கிண்ணங்களிலும் கோல் போட்டிருக்கிறார். மறுபடியும் ஓய்வு, மறுபடியும் அழைப்பு. 36 வயதில் 2008 ஐரோப்பியக் கிண்ணத்திலும் ஆடினார்.

பின்னர்

2009இல் ஆட்டத்தை நிறுத்தினார். பயிற்றுநராக அவர் பெற்ற பெயர் வீரராகப் பெற்றதற்குக் கிட்டவும் வரவில்லை. லண்ட்ஸ்குரோனா, ஃபால்கென்பேர்க் ஆகிய சிறிய கழகங்களுக்குப் பின் 2015இல் ஹெல்சிங்போர்க்கைப் பொறுப்பேற்றார். 2016 நவம்பரில் அவரது பொறுப்பிலேயே அக்கழகம் முதல்தரப் பிரிவிலிருந்து இறங்கியது. அன்று அணிக்காகக் கோல் போட்டிருந்த அவருடைய மகன் ஜோர்டனின் சட்டையை, களத்துக்குள் பாய்ந்த முகமூடிக்காரர்கள் பிடித்துக் கிழித்தார்கள். 1992இல் எந்தக் கழகத்தை மேலே ஏற்றினாரோ அதே கழகம். 2020 முதல் 2021 வரை ரொனால்ட் கூமனின் உதவியாளராகப் பார்சிலோனாவில் இருந்தார்.

ஜோர்டன் லார்சனும் முன்கள வீரரே. மொஸ்கோவின் ஸ்பார்டக்கிலும் ஜேர்மனியின் ஷால்கேயிலும் ஆடிய அவர், சுவீடன் தேசிய அணியின் சட்டையையும் அணிந்திருக்கிறார்.