விளையாட்டும் வினையும்

'விளையாட்டு வினையாகும்' என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. சிறுவர் எல்லை மீறி ஆடும்போது பெரியோர் இதனைச் சொல்லி அடக்குவர். இங்கு வினை என்பது தீங்கைக் குறிக்கிறது. ஆனால் அச்சொல்லுக்குத் தொழில் என்னும் பொருளும் உண்டு. விளையாட்டு ஒருவருக்கு வினையாக, அதாவது வாழ்க்கைத் தொழிலாக, அமையக் கூடுமா? இவ்வினாவுக்கு நம் மக்கள் சொல்லி வந்த விடை ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பெரிதும் மாறியிருக்கிறது. அம்மாற்றத்தின் வரலாற்றையும், அதில் புகழ்பெற்ற வீரர்களுக்கு உள்ள பங்கையும் ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்து மாணவர்க்கு இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. 2019ஆம் ஆண்டு விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான இந்நிலத்தின் மேற்கே கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. கோமுகி ஆற்றுக்குத் தாய்வீடு. வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். தினையும் சாமையும் விளைந்த மேட்டு நிலங்களில் இன்று மரவள்ளியும் பயிராகிறது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் பல்லாண்டுகள் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது; சாலையும் பள்ளியும் காலம் தாழ்ந்தே அங்கு ஏறின. பிழைப்பை நாடி வெளியூர் செல்வோர் அங்குப் பலர். கள்ளச் சாராயத்தின் கொடுமையையும் இவ்வட்டாரம் அறியும். 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி நகரில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இத்தகைய இடத்தில் ஓர் இளைஞனின் கண்முன் எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன என்பது உயிர்நிலையான கேள்வி அன்றோ?

தமிழர் விளையாட்டை இழித்தவர் அல்லர். உவகை தோன்றுவதற்குரிய நான்கு நிலைக்களன்களுள் விளையாட்டையும் ஒன்றாகத் தொல்காப்பியர் எண்ணினார். சடுகுடு, சிலம்பம், கிளித்தட்டு, இளவட்டக்கல் தூக்குதல் ஆகியன ஊர்தோறும் வழங்கின. ஆயினும் அவை அறுவடை முடிந்த ஓய்வுக்கும் திருவிழாவுக்கும் உரியவை. கல்லைத் தூக்கியவனை ஊர் பாராட்டும். மறுநாள் அவன் ஏர் பிடிக்கப் போவான். பொறுப்பற்றவனை 'விளையாட்டுப் பிள்ளை' என்றும், பொருட்படுத்தத் தகாத சொல்லை 'விளையாட்டாகச் சொன்னது' என்றும் குறிக்கும் வழக்கு இன்றும் நம் நாவில் உள்ளது. விளையாட்டு இன்பம் தரும், சோறு தராது என்பதே அவ்வழக்குகளின் உட்கிடை.

ஆங்கிலேயர் காலத்துப் பள்ளிகள் இந்நிலையைச் சற்றே அசைத்தன. 1920ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு மேலாளராக இருந்தவரும் அவரே. இத்தகைய கல்லூரிகளில் பயின்றோர் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியராயினர். 'டிரில் வாத்தியார்' என்று ஊரார் அழைத்த அவரே, விளையாட்டினால் மாதச் சம்பளம் பெறும் மனிதராகப் பல சிற்றூர்களின் கண்ணில் முதலில் பட்டவர். ஆனால் கணக்கு வாத்தியாருக்குக் கிடைத்த மதிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

மேனாடுகளிலும் விளையாட்டைத் தொழிலாகக் கொள்வது நெடுங்காலம் குறைவாகவே கருதப்பட்டது. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கம் வென்றவர் அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப். முன்பு சிறு கூலிக்குப் பேஸ்பால் ஆடியதைக் காரணம் காட்டி மறு ஆண்டே அவற்றைப் பறித்தனர். செல்வர் பொழுதுபோக்க ஆடலாம், ஏழை வயிற்றுக்காக ஆடலாகாது என்பதே அவ்விதியால் நேர்ந்த விளைவு. அவரே தனி வெற்றியாளர் என்னும் சிறப்பு 2022இல்தான் மீண்டும் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அப்போது அவர் மறைந்து அறுபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் நாட்டிலோ வென்றவர்க்கும் வழி தெளிவாக இல்லை. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் மற்போரில் வெண்கலம் வென்று, விடுதலை பெற்ற இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொணர்ந்தவர் மராட்டியத்துக் கசாபா ஜாதவ். அவருடைய பயணச் செலவுக்காகக் கல்லூரி முதல்வர் தம் வீட்டையே அடகு வைத்தார். பின்னர் ஜாதவ் காவல் துறையில் பணியாற்றிப் பிழைத்தார். அர்ஜுனா விருது அவர் மறைந்த பின்னரே வந்தது. புகழ் இருந்தது, பின்பற்றத்தக்க பாதை இல்லை. 'மகனே, நீயும் அவரைப்போல் ஆகு' என்று எந்தத் தாய் துணிந்து சொல்வாள்?

பாதையும் புகழும் ஒன்று சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்குச் சென்னையின் சதுரங்கம் சான்று. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரன், 1972இல் சென்னைச் சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகத்தை அமைத்தார். அங்கு ஆடிப் பயின்ற விசுவநாதன் ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2000ஆம் ஆண்டு உலகப் பட்டம் வென்றார். அதன்பின் பெற்றோர் மனம் மாறிற்று. ஊர்தோறும் பயிற்சிக் கூடங்கள் எழுந்தன. இன்று இந்தியாவில் எண்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் உளர். அவர்களுள் பெருந்தொகையினர் தமிழகத்தார். 2024ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் சென்னையின் குகேஷ் பதினெட்டாம் வயதில் உலக வாகையர் ஆனார். ஆனந்தின் வெற்றிக்கு முன்னே ஒரு கழகம் இருந்தது, பின்னே பல கூடங்கள் தோன்றின என்பதை மாணவர் மறத்தல் கூடாது.

ஆனால் சென்னை நகரத்து வெற்றி மலையடிவாரத்துச் சிற்றூரை எளிதில் எட்டுவதில்லை. அவ்வூர்களுக்கு அண்மையில் தோன்றிய ஒருவரைப் பார்ப்போம். கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு சேலம் மாவட்டத்தில் இறங்குகிறது. அதே மாவட்டத்தில் ஓமலூர்ப் பக்கம் உள்ள பெரியவடகம்பட்டியில் 1995இல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி அவருடைய வலக்கால் முழங்காலின் கீழ் சிதைந்தது. காய்கறி விற்று மக்களை வளர்த்த தாய் சரோஜா, மருத்துவத்துக்காகக் கடன்பட்டார். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரே மாரியப்பனை உயரம் தாண்டும் போட்டியில் ஈடுபடுத்தினார். பதினான்காம் வயதில் உடற்குறை இல்லாத மாணவருடன் போட்டியிட்டு அவர் இரண்டாம் இடம் பெற்றார். 2013இல் தேசியப் போட்டியில் அவர் திறனைக் கண்ட பயிற்சியாளர் சத்தியநாராயணா, பின்னர் பெங்களூரில் அவரைப் பயிற்றினார். 2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டி மாரியப்பன் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் தொடர்ந்தன.

இவ்வெற்றி மக்கள் மனத்தில் புகுந்ததற்கு மூன்று காரணங்கள் கூறலாம். முதலாவது அண்மை. காய்கறிக் கூடையும் அரசுப் பள்ளியும் கடன் சீட்டும் இவ்வட்டாரத்தார் அன்றாடம் காண்பவை. ஆகவே அவரை அயலாராக எண்ண இயலாது. இரண்டாவது, அவர் ஏறிய படிகள் கண்ணுக்குத் தெரிந்தன: பள்ளி ஆசிரியர், தேசியப் போட்டி, பயிற்சியாளர், உலகக் களம். மூன்றாவது பிழைப்பு. தமிழக அரசு 2016இல் அவருக்கு இரண்டு கோடி ரூபாய் வழங்குவதாக அறிவித்தது. 2021இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் பணியும் கிடைத்தது. தாம் படித்த அரசுப் பள்ளிக்கு முப்பது இலட்சம் தருவதாக அவரும் அறிவித்தார். விளையாட்டு சோறு தருமா என்று கேட்டவர்க்கு இவை விடையாயின.

இன்னுமொரு கதவும் திறந்தது. 2016இல் நான்கு பதக்கங்களுடன் திரும்பிய இந்தியப் பாராலிம்பிக் குழு, டோக்கியோவில் பத்தொன்பதும் பாரிசில் இருபத்தொன்பதும் வென்றது. பாரிசில் மாரியப்பனோடு துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ என்னும் தமிழ் மகளிர் மூவரும் பதக்கம் பெற்றனர். இவ்வளர்ச்சி ஒருவரால் மட்டும் நேர்ந்ததன்று. எனினும், உடற்குறை உடைய பிள்ளையை வீட்டின் மூலையில் அமர்த்திய பெற்றோர் அப்பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துச் செல்லத் துணிந்தமைக்கு ரியோவின் அந்தத் தாண்டலும் ஒரு காரணம் எனலாம்.

இனி, எச்சரிக்கையாகவும் ஒன்று சொல்லுதல் வேண்டும். வெற்றி மேடையில் படிகள் மூன்றே. அம்மூவரைக் கண்டு மூவாயிரம் பேர் புறப்பட்டால், எஞ்சியோர் நிலை என்ன? பெருவீரர் ஒருவரின் ஒளி பாதையைக் காட்டும்; பாதையைப் போடாது. அதைப் போடுபவை பள்ளியும் அரசும் சமுதாயமும். 1992இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், அதன் விளையாட்டு விடுதிகள், அரசுப் பணியில் விளையாட்டு வீரர்க்கு உள்ள மூன்று விழுக்காட்டு ஒதுக்கீடு ஆகியவை அப்பாதையின் கற்கள். களத்தில் வெல்லாதவருக்கும் உடற்கல்வி ஆசிரியர், பயிற்சியாளர், நடுவர், உடலியக்க மருத்துவர் எனப் பல தொழில்கள் உண்டு. அவற்றுக்குக் கல்வி வேண்டும். ஆகவே விளையாட்டுக்காகப் படிப்பைக் கைவிடுவது, ஆற்றைக் கடக்குமுன் ஓடத்தை எரிப்பதாகும்.

கல்வராயன் மலைச் சிறுவன் சரிவில் ஏறி இறங்கிப் பள்ளிக்கு நடக்கிறான். அவன் காலில் வலு இருக்கலாம். அதனை அளந்து பார்க்கும் ஆசிரியர் வேண்டும், தாண்டிப் பழக மணற்குழி வேண்டும், போட்டிக்குச் சென்று திரும்பப் பேருந்து வேண்டும். இவை இல்லாத இடத்தில் வீரரின் படம் சுவரில் தொங்கும், அவ்வளவே. இவை வாய்க்குமாயின் அப்படம் வழிகாட்டியாகும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் பெரும்பாலோர் பதக்கம் வெல்லப் போவதில்லை. ஆயினும் நாளை நீங்கள் ஆசிரியராவீர், அலுவலராவீர், பெற்றோராவீர். அப்போது ஆடுகளத்தை விரும்பும் ஒரு சிறுவனோ சிறுமியோ உங்கள்முன் வந்து நிற்கும். பெரியவடகம்பட்டிப் பள்ளி மாணவனிடம் ஓர் உடற்கல்வி ஆசிரியர் கண்டதை நீங்களும் காண்பீர்களாயின், விளையாட்டு வினையாகும் என்னும் பழமொழி அக்குழந்தைக்கு நற்சொல்லாக விளங்கும்.