மன்னார் வளைகுடாவில் நோய்க்கிருமி ஆய்வும் கணினியும்

தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்கடலிலும் அதன் கரையிலும் மனிதரையும் சிப்பியையும் இறாலையும் தாக்கிய நுண்ணுயிர்களை எண்ணியும், அவற்றின் டி.என்.ஏ. எழுத்துகளை ஒப்பிட்டும் அறிய முயன்ற வரலாறு இது. கணினி இந்த வரலாற்றின் பிற்பகுதியில்தான் வருகிறது. அதற்கு முன் பேனாவாலும் பேரேட்டாலும் செய்யப்பட்ட கணக்குகள் இருந்தன. கணினியிடம் பின்னர் கேட்கப்பட்ட கேள்விகள் பல அந்தக் கணக்குகளில் பிறந்தவை.

சலாபமும் காலராவும்

கொற்கைத் துறையின் முத்துக்குளிப்பைக் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் கையேடான 'பெரிப்ளூஸ்' குறிப்பிடுகிறது. போர்த்துக்கீசியர், 1658-க்குப் பின் டச்சுக்காரர், அவர்களை அடுத்து ஆங்கிலேயர் என ஆட்சி மாறினாலும் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த விதம் பெரிதாக மாறவில்லை. கடலடித் திட்டான பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறது என்று உறுதியானதும், ஆளில்லாத மணற்கரையில் சில வாரங்களுக்குள் ஓர் ஊரே முளைக்கும். முத்துக்குளிப்போர், தோணிக்காரர், வணிகர், காவலர், சமையற்காரர் என ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். எடுத்த சிப்பியை அடைப்புகளில் குவித்து அழுகவிட்டு, ஈப்புழு சதையைத் தின்று தீர்த்தபின் கழுவி முத்தைப் பிரிப்பது வழக்கம். குடிநீர் குறைவு, கழிப்பிடம் இல்லை, ஈக்கள் கணக்கற்றவை. இப்படிப்பட்ட இடத்தில் காலரா புகுந்தால் என்ன ஆகும் என்பது அதிகாரிகளுக்கும் தெரியும், குளிப்போருக்கும் தெரியும். முத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அந்த முகாம்களின் தண்ணீரைப் பற்றி எழுதப்பட்டவை சொற்பம். இந்தக் கடலின் வரலாற்றில் அது பெரிய குறை.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1889-ஆம் ஆண்டுத் தூத்துக்குடிச் சலாபத்தை நேரில் கண்டு, மறு ஆண்டு முத்து, சங்கு எடுப்பு பற்றிய நூலை வெளியிட்டார். கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, காலராவைக் கணக்கால் அணுகும் முறை இந்தியக் கிராமம் ஒன்றின் தரவிலிருந்து பிறந்தது. அந்தக் கிராமம் இந்தக் கரையைச் சேர்ந்தது அல்ல. ஆனால் அந்த முறை சலாப முகாமுக்கும் அப்படியே பொருந்தும்.

மெக்கென்றிக்கின் கிணறு

ஆண்டர்சன் கிரே மெக்கென்றிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1926-இல் வெளியான தமது கட்டுரையில் காலரா கண்ட ஓர் இந்தியக் கிராமத்தின் கணக்கை அவர் எடுத்துக்கொண்டார். மொத்தம் 223 வீடுகள். 168 வீடுகளில் ஒருவருக்கும் நோயில்லை. 32 வீடுகளில் ஒருவர், 16 வீடுகளில் இருவர், 6 வீடுகளில் மூவர், ஒரு வீட்டில் நால்வர். ஆக நோயுற்றவர் 86 பேர்.

எல்லா வீடுகளுக்கும் ஒரே அளவு ஆபத்து இருந்திருந்தால், 86 பேர் 223 வீடுகளில் இன்னும் பரவலாக விழுந்திருக்க வேண்டும். நோயே இல்லாத வீடுகள் இவ்வளவு இருந்திருக்காது. அப்படியானால் அந்த 168 வீடுகளில் இரண்டு வகை கலந்திருக்கின்றன என்று மெக்கென்றிக் கண்டார். கிருமி எட்டியும் தப்பியவை ஒரு வகை, கிருமி எட்டவே இல்லாதவை இன்னொரு வகை. இரண்டையும் பார்வையால் பிரிக்க முடியாது. ஒருவர், இருவர், மூவர் என நோய் கண்ட வீடுகளின் விகிதத்தை வைத்து அவர் பின்னோக்கிக் கணக்கிட்டார். கிருமி எட்டிய வீடுகள் ஏறக்குறைய 93 என்று விடை வந்தது. ஊரில் பல கிணறுகள் இருந்திருக்கலாம், அவற்றில் ஒன்று கெட்டிருந்தது, இந்த 93 வீட்டாரும் அதிலிருந்து குடித்தார்கள் என்பது அவர் முடிவு. அந்த ஊருக்குப் போகாமல், ஒரு சொட்டுத் தண்ணீரையும் சோதிக்காமல், ஐந்து எண்களிலிருந்து ஒரு கிணற்றை அவர் கண்டார்.

தெரியாத ஒன்றை முதலில் ஊகித்து, தரவோடு ஒப்பிட்டு, ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகும் இந்த வழிக்கு இன்றைய புள்ளியியலில் தனிப் பெயரும் கணினி நிரல்களும் உண்டு. அவற்றின் முன்னோடிகளில் ஒன்றாக மெக்கென்றிக்கின் கணக்கு இன்றும் காட்டப்படுகிறது. மறு ஆண்டு, 1927-இல், கெர்மேக் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, மக்களைத் தொற்றக்கூடியவர், தொற்றியவர், விலகியவர் என மூன்றாகப் பிரித்தது. தம் சமன்பாட்டைச் சரிபார்க்க அவர்கள் எடுத்த தரவு பம்பாயில் 1905-06-இல் பிளேக்கால் மடிந்தவர்களின் வாரக் கணக்கு. கொரோனா நாட்களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் சிதாப்ர சின்ஹா, ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றவைக்கிறார் என்ற எண்ணை மாநிலவாரியாகக் கணித்து வந்தார். அதற்கு அடிப்படை இந்தச் சமன்பாடுதான்.

சிப்பி ஏன் மடிகிறது

கரையில் மனிதர் மடிந்ததைப் போலவே கடலடியில் சிப்பியும் மடிந்தது. கோடிக்கணக்கில் விளைந்திருந்த பார் மறு ஆய்வில் வெறும் மணலாகக் கிடக்கும். இலங்கைப் பக்கம் 1905-இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுக்கப்பட்டது. அந்த விளைச்சலை நம்பி 1906-இல் ஒரு கம்பெனி இருபது ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாகி, 1912-இல் கம்பெனி கலைந்தது.

காரணம் தேட வந்த உயிரியலாளர்கள் டபிள்யூ. ஏ. ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹார்னெலும். 1902-இல் தொடங்கிய அவர்கள் ஆய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது. தூத்துக்குடிப் பக்கத்துப் பார்கள் பற்றிச் சென்னை அரசுக்கு ஹார்னெல் 1905-இல் தனி அறிக்கை தந்தார். மணல் மூடுதல், நெருக்கம், திருக்கை போன்ற மீன்கள் தின்றுவிடுதல் ஆகியவற்றைக் காரணமாகக் கண்டார்கள். சிப்பியின் சதைக்குள் நாடாப்புழுவின் இளநிலையையும் கண்டு, முத்து உருவாவதற்கே அதுதான் காரணம் என்று எண்ணினார்கள். அந்தக் கருத்து நிலைக்கவில்லை. சிப்பியின் மேலாடைத் திசுவின் செல்களே பையாகச் சூழ்ந்து முத்தை உண்டாக்குகின்றன என்பது பின்னர் உறுதியானது. அந்த அறிவைக் கொண்டுதான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி, தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை உருவாக்கினார். 1981-இல் அதே நிறுவனம் குஞ்சு பொரிப்பகத்தில் முத்துச்சிப்பியை வளர்த்தெடுத்தது. பெரிய சலாபங்களின் கடைசி வரிசையோ 1955-இல் தொடங்கி 1961-உடன் முடிந்துவிட்டது.

ஆனாலும் ஹெர்ட்மனும் ஹார்னெலும் சிப்பிக்குள் ஓர் ஒட்டுண்ணியைத் தேடியது சரியான தேடல் என்றே சொல்ல வேண்டும். அவர்கள் கையில் இருந்த உருப்பெருக்கியால் பிரித்தறிய முடியாத ஒன்று அங்கே இருக்கக்கூடும் என்பது பின்னர்தான் தெரிந்தது.

எழுத்துகளை ஒப்பிடுதல்

அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாச் சிப்பிகளைக் கொன்ற ஒரு நுண்ணுயிரை 1950-இல் விவரித்தபோது, அதைப் பூஞ்சை என்று கருதி அதற்கேற்ற பெயரை வைத்தார்கள். இன்று அதன் பெயர் பெர்கின்சஸ். சிப்பியின் செவுளைத் துண்டித்துத் தயோகிளைகொலேட் ஊடகத்தில் சில நாள் இருட்டில் வைத்து, அயோடின் விட்டால், ஒட்டுண்ணி பருத்துக் கருநீல உருண்டையாகத் தெரியும். ரே என்பவர் 1952-இல் தந்த இந்தச் சோதனை மலிவானது, இன்றும் பயன்படுகிறது. ஒரு குறை உண்டு. பெர்கின்சஸ் இனங்கள் பலவும் ஒரே மாதிரி கருநீலமாகத்தான் தெரியும். எந்த இனம், எங்கிருந்து வந்தது என்று நிறம் சொல்லாது.

கணினி இங்கேதான் தேவையாயிற்று. டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட சரம். இரண்டு சரங்களை அருகருகே வைத்து, எங்கே ஒத்திருக்கிறது, எங்கே எழுத்து மாறியிருக்கிறது, எங்கே விடுபட்டிருக்கிறது என்று பார்த்தால் உறவு தெரியும். எழுத்து விடுபடும் இடம் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால், சில நூறு எழுத்துகளுக்கே எண்ணிமாளாத பொருத்தங்கள் உண்டு. அவற்றில் சிறந்ததைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழியை நீடில்மனும் வுன்ஷும் 1970-இல் தந்தார்கள். 1982-இல் ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளம் அமைந்தது. அது பெருகப் பெருக ஒவ்வொன்றோடும் முழுமையாக ஒப்பிட நேரம் போதாமல் போனது. 1990-இல் வந்த பிளாஸ்ட் நிரல், முதலில் சிறு துண்டுகளின் பொருத்தத்தைத் தேடி, கிடைத்த இடத்தில் மட்டும் விரித்துப் பார்த்து வேலையைச் சுருக்கியது. இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறை 1986-87-இல் தொடங்கிய தகவல் மையங்களில் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. அதற்கும் முன்னரே, 1963-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடியலாம் என்று கைக் கணிப்பானால் கணக்கிட்டு வரைந்திருந்தார்கள். ஒரு வைரஸ் புரதத்தின் வடிவம் கணினியில் தீர்க்கப்பட்டால், அது சரியா என்று சோதிக்க இன்றும் அந்த வரைபடத்தைத்தான் எடுக்கிறார்கள்.

டி.என்.ஏ. ஒப்பீடு பெர்கின்சஸின் இடத்தையே மாற்றியது. அது பூஞ்சை அல்ல. கடலைச் செந்நிறமாக்கும் சுழல்கசை உயிரிகளுக்கு நெருங்கிய உறவு, மலேரியா ஒட்டுண்ணிக்கு எட்டிய உறவு. இந்தியாவின் தென்கிழக்குக் கரையில் பாரில் இயற்கையாக வாழும் முத்துச்சிப்பியிலும் வளர்ப்புச் சிப்பியிலும் பெர்கின்சஸ் ஒல்செனி இருப்பதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2010-இல் அறிவித்தார்கள். அயோடின் நிறத்தில் தொடங்கி, பி.சி.ஆர். மூலம் ஒட்டுண்ணியின் ஒரு டி.என்.ஏ. பகுதியைப் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படித்து, உலகத் தரவோடு ஒப்பிட்டு, வம்சமரம் வரைந்து இனத்தை உறுதிசெய்தார்கள். முதன்முதலில் 1981-இல் ஆஸ்திரேலியக் கடல் நத்தை ஒன்றில் விவரிக்கப்பட்ட இனம் இது. தென்பட்டால் உலக விலங்கு நல அமைப்புக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் உள்ளது.

இந்தக் கண்டுபிடிப்பை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒட்டுண்ணி இருப்பது வேறு, பார் மடிவதற்கு அதுவே காரணம் என்பது வேறு. வம்சமரம் உறவைச் சொல்லும், கொலையைச் சொல்லாது. அதற்கு ஆண்டுக்கணக்கில் ஒரே பாரில் இறங்கி, உயிருள்ளதையும் செத்ததையும் எண்ணி, நீரின் வெப்பத்தையும் உப்பையும் குறித்துக்கொண்டே வர வேண்டும். மூச்சடக்கி இறங்கிச் சிப்பியை எடுத்துத் தருபவர் இல்லாமல் தரவுத்தளத்தில் ஓர் எழுத்தும் ஏறாது. ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் பெயர் வருவதில்லை.

இறாலும் விப்ரியோவும்

1994-95-இல் தமிழ்நாடு, ஆந்திரக் கரைகளின் இறால் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய் புகுந்து, சில நாட்களில் குளங்களைக் காலி செய்தது. அதற்குக் காரணமான வைரஸின் ஏறக்குறைய மூன்று லட்சம் எழுத்துகளும் 2001-இல் முழுமையாகப் படிக்கப்பட்டன. அவற்றில் சில துண்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன, எத்தனை முறை என்பது குளத்துக்குக் குளம் மாறுகிறது. அந்த எண்ணிக்கையை வைத்து நோய் ஒரே இடத்திலிருந்து பரவியதா, வெவ்வேறு வழிகளில் வந்ததா என்று கண்டறிய முயன்றார்கள்.

காலராவின் கதையும் இதே வழியில் திறந்தது. 1992-இன் பிற்பகுதியில் சென்னை உள்ளிட்ட தமிழக நகரங்களில் தோன்றி வங்கம் வரை பரவிய ஓ139 வகை, பழைய காலராவுக்கு எதிர்ப்புப் பெற்றிருந்த பெரியவர்களையும் விடவில்லை. புதிய கிருமி என்று அஞ்சினார்கள். எழுத்துகளை ஒப்பிட்டபோது, பழைய எல் டோர் வகையே தன் வெளிப்பூச்சுக்குரிய மரபணுத் தொகுதியை மட்டும் மாற்றிக்கொண்டது தெரிந்தது. காலராக் கிருமியின் ஏறக்குறைய 40 லட்சம் எழுத்துகள் 2000-இல் வெளியாயின. 2011-இல் அங்கூர் முத்ரேஜாவும் உடன் ஆய்வாளர்களும் 154 மாதிரிகளை ஒப்பிட்டார்கள். கிருமியில் ஆண்டுக்கு மூன்று எழுத்துகளுக்குச் சற்றுக் கூடுதலாக மாறுவதைக் கடிகாரமாகக் கொண்டு, ஏழாவது உலகக் காலராப் பரவல் வங்காள விரிகுடாப் பகுதியிலிருந்தே குறைந்தது மூன்று அலைகளாக உலகெங்கும் போனது என்று நிறுவினார்கள். மறுபுறம் ரீட்டா கால்வெல் குழுவினர், காலராக் கிருமியான விப்ரியோ கடல் மிதவையுயிரிகளில் ஒட்டி வாழ்வதை வைத்து, செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பத்தையும் கடல்மட்ட உயரத்தையும் வங்கதேசத்துக் காலராக் கணக்கோடு 2000-இல் பொருத்திக் காட்டினார்கள்.

துறைமுகத்துக்கு இது தொலைவான செய்தி அல்ல. 1974-இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடிக்கு வரும் கப்பல்கள் சமநிலைக்காக எங்கோ ஏற்றிய நிலைப்பு நீரைச் சுமந்து வருகின்றன. 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தம், வெளியேற்றும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு நச்சுடைய காலராக் கிருமி ஒரு காலனி உருவாக்கும் அளவைக்கூட எட்டக்கூடாது என்கிறது.

ஜப்பானின் முத்துப் பண்ணைகளில் 2019 கோடையில் இளஞ்சிப்பிகள் மேலாடை சுருங்கிக் கூட்டமாக மடிந்தன. எந்தக் கிருமி என்று தெரியாத நிலையில், நோயுற்ற திசுவில் இருந்த மரபுப்பொருள் அனைத்தையும் படித்துக் கணினியில் பிரித்தபோது, அதுவரை பெயரில்லாத ஒரு பிர்னா வைரஸ் வெளிப்பட்டது. தூத்துக்குடிப் பார்களில் விளைவதும் அதே பிங்டாடா ஃபுகாட்டா இனச் சிப்பிதான்.